கஸ்காஸ்கியா: ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் இல்லினாய்க்கும் மிசூரிக்கும் நடுவில் மிசிசிப்பி ஆறுதான் எல்லை. ஆனால் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், செயின்ட் லூயிஸுக்குத் தெற்கே ஓரிடத்தில் எல்லைக்கோடு ஆற்றை விட்டு விலகி, மேற்கே வயல்வெளிக்குள் ஒரு பெரிய வளைவு போட்டுவிட்டு மறுபடி ஆற்றோடு வந்து சேரும். அந்த வளைவுக்குள் இருக்கும் ஊர்தான் கஸ்காஸ்கியா. இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். "ஆறு விழுங்கிய தலைநகரம்" என்று எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிக் கதைதான் அது.

சரியாக எங்கே இருக்கிறது? எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இல்லினாய் மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், ராண்டால்ஃப் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). செயின்ட் லூயிஸிலிருந்து சுமார் 60 மைல் தெற்கே. 2020 கணக்கெடுப்பில் ஊர் எல்லைக்குள் இருந்தவர்கள் 21 பேர். 2010-ல் 14, 2000-ல் 9. ஊர் எல்லைக்கு வெளியே, தீவின் மற்ற பகுதியில் இன்னும் சில பண்ணை வீடுகள் உண்டு. தீவு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நாலு பக்கமும் தண்ணீர் புரளும் தீவு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கிழக்கே அகலமான மிசிசிப்பி, மேற்கே தூர்ந்துபோன பழைய ஆற்றுத் தடம், நடுவில் தட்டையான வண்டல் நிலம். மக்காச்சோளம், சோயா பீன்ஸ், கோதுமை.

விசித்திரம் என்னவென்றால், இங்கே தொலைபேசி எண் இல்லினாய்க்கு உரிய 618-ல் தொடங்கும், அஞ்சல் குறியீட்டு எண்ணோ மிசூரியுடையது. ஓட்டுப் போடுவது இல்லினாய் தேர்தலில். சாலையைப் பராமரிப்பதும் இல்லினாய் அரசுதான், ஆனால் அந்தச் சாலைக்கு வந்து சேர நீங்கள் மிசூரிக்குள் நுழைந்தாக வேண்டும்.

இல்லினாய் ஊர் எப்படி மிசூரி பக்கம் போனது?

ஊர் நகரவில்லை, ஆறுதான் நகர்ந்தது.

பழைய அமைப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே மிசிசிப்பி தெற்கு நோக்கிப் போகிறது. கிழக்கே கஸ்காஸ்கியா என்ற சின்ன ஆறு, உயரமான குன்று விளிம்பின் காலடியை ஒட்டியே வந்து, சில மைல் தூரம் மிசிசிப்பிக்குப் பக்கத்திலேயே ஓடி, கீழே போய் அதில் கலக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாக்கு மாதிரி நீண்ட ஒரு படுகை நிலம். ஊர் அந்தப் படுகையில், சின்ன ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தது. பெரிய ஆற்றின் ஓரத்தில் ஊரை வைக்காமல் சின்ன ஆற்றின் ஓரத்தில் வைத்தது அந்தக் காலத்துக்குப் புத்திசாலித்தனம்தான். படகு கட்ட அமைதியான துறை, குடிக்கத் தண்ணீர், வெள்ளத்தின் நேரடி மோதலும் இல்லை.

ஊருக்கு வடக்கே ஓரிடத்தில் இரண்டு ஆறுகளும் மிக நெருங்கி வந்தன. மிசிசிப்பி அங்கே தன் கிழக்குக் கரையை வருஷா வருஷம் தின்றுகொண்டே வந்து, நடுவிலிருந்த நிலத்தைக் குறுக்கிக்கொண்டே இருந்தது. 1881 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த மெல்லிய கழுத்து அறுந்தது. பழைய பாதையைவிடக் குறுக்கு வழி, சரிவும் அதிகம். கிடைத்த வழியில் மொத்த ஆறும் திரும்பிவிட்டது. கஸ்காஸ்கியா ஆற்றின் கடைசி சில மைல் நீளத் தடத்தை மிசிசிப்பி தனதாக்கிக்கொண்டது. மேற்கே இருந்த பழைய மிசிசிப்பி மெல்ல மெல்ல மண் சேர்ந்து ஓடை ஆனது.

அந்த ஒரு நாளில் ஊர் காணாமல் போகவில்லை, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சின்ன ஆற்றின் தடம் மிசிசிப்பிக்குப் போதவில்லை, பத்து வயதுப் பையனின் சட்டையைப் பெரிய ஆள் போட்டுக்கொண்டது போலத்தான். அதனால் அது கரையைக் கரைத்துத் தன்னை அகலப்படுத்திக்கொண்டே போனது. கரையில் இருந்தது ஊர். முதலில் ஒரு தெரு, அடுத்து இன்னொரு தெரு, ஒரு வீட்டின் பின்சுவர், அப்புறம் முன்சுவர் என்று அடுத்த இருபது வருஷம் இது நடந்தது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது பழைய ஊரில் அனேகமாக எதுவும் மிச்சமில்லை. பழைய ஊர் இருந்த இடம் இன்று ஆற்றின் நடுவில் எங்கோ இருக்கிறது. இப்போது இருக்கும் கஸ்காஸ்கியா, அதே படுகையில் தெற்கே தள்ளிப் புதிதாகக் கட்டிய ஊர்.

அப்படியானால் இது இயற்கைச் சீற்றம்தானே? யாரையும் குறை சொல்ல முடியாது அல்லவா?

சொல்லலாம். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவதே இந்தப் பகுதிதான்.

படுகையில் ஓடும் ஆறு வளைவதும் தடம் மாற்றுவதும் புதிதில்லை. ஆனால் 1817-ல் முதல் நீராவிக் கப்பல் செயின்ட் லூயிஸ் வரை வந்தது. அதற்கப்புறம் கப்பல்கள் பெருகின. அவை எரித்தது விறகு. ஒரு பெரிய கப்பல் ஒரு நாளில் விழுங்கும் விறகு ஒரு சின்னத் தோப்பையே காலி செய்யும். விறகை எங்கிருந்து எடுப்பது? கரையில் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் மரத்திலிருந்துதான். குடியானவர்கள் ஆற்றோர மரங்களை வெட்டி அடுக்கிவைத்து, நின்று போகும் கப்பல்களுக்கு விற்றார்கள், அது நல்ல வருமானம். இப்படி ஐம்பது அறுபது வருஷத்தில், செயின்ட் லூயிஸிலிருந்து ஒஹாயோ ஆறு கலக்கும் இடம் வரை கரையோரக் காடு பெரும்பாலும் போய்விட்டது.

வேர் இல்லாத வண்டல் கரை நிற்காது. கரை சரியச் சரிய ஆறு அகலமானது, அகலமானதும் ஆழம் குறைந்தது, ஆழம் குறைந்ததும் வெள்ளம் எளிதாக மேலேறியது. பழைய வரைபடங்களையும் நில அளவைக் குறிப்புகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இந்தச் சங்கிலியைத்தான் காட்டுகிறார்கள். ஆறு தன் குணப்படி என்றைக்காவது அந்தக் கழுத்தை அறுத்திருக்கலாம், ஆனால் காடு நின்றிருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்பதே என் கருத்து. தன் படித்துறையில் கப்பல் வந்து நிற்பதில் பெருமைப்பட்ட ஊர், அந்தக் கப்பல்களுக்கே கரையை விறகாக விற்றது.

ஆறு மாறினால் மாநில எல்லையும் மாற வேண்டாமா?

அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் ஒரு தெளிவான கோடு போட்டிருக்கின்றன. ஆறு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் மண் சேர்த்துக்கொண்டு நகர்ந்தால், எல்லையும் அதோடு நகரும். ஆனால் ஒரே பாய்ச்சலில் புதுத் தடம் பிடித்தால், எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். 1881-ல் நடந்தது இரண்டாவது வகை. அதனால் தண்ணீர் வற்றிய பழைய மிசிசிப்பியே இங்கே இன்றைக்கும் எல்லை. மிசூரியும் இல்லினாயும் இந்தத் தீவு விஷயமாக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1970-ல் அது தீர்ந்தது.

இந்த மாதிரி இன்னொரு இடம் வேண்டுமென்றால் அயோவாவைச் சேர்ந்த கார்ட்டர் லேக்கைப் பாருங்கள். 1877-ல் மிசூரி ஆறு தடம் மாறியதில் அந்த ஊர் நெப்ராஸ்கா பக்கம், ஒமாஹாவை ஒட்டி மாட்டிக்கொண்டது. 1892-ல் உச்ச நீதிமன்றம் அது அயோவாதான் என்று தீர்ப்புச் சொன்னது.

முதலில் அங்கே இருந்தவர்கள் யார்?

கஸ்காஸ்கியா என்பது ஒரு பழங்குடி மக்களின் பெயர், இல்லினாய் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பெரிய கிராமம் வடக்கே, இல்லினாய் ஆற்றங்கரையில் இருந்தது. 1675-ல் ஜாக் மார்க்கெட் என்ற யேசு சபைப் பாதிரியார் அங்கேதான் மிஷனைத் தொடங்கினார். இரோக்வா மக்களின் தாக்குதல்களும் மற்ற நெருக்கடிகளும் சேர, அவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். 1700-ல் இன்றைய செயின்ட் லூயிஸ் பகுதிக்கு, பிறகு 1703-ல் இந்தப் படுகைக்கு. பாதிரியார்களும் கூடவே வந்தார்கள், அவர்கள் பின்னால் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுத் தோல் வியாபாரிகள். இந்த வியாபாரிகளில் பலர் இல்லினாய்ப் பெண்களை மணந்துகொண்டு ஊரோடு தங்கிவிட்டார்கள்.

அப்படி மணந்தவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மரி ரூவென்சா, கஸ்காஸ்கியா தலைவரின் மகள். தீவிரக் கிறித்தவர். 1694-ல் மிஷெல் அக்கோ என்ற வியாபாரியைக் கட்டிக்கொள்ள அப்பா சொன்னபோது முடியாது என்றார். பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் சம்மதித்தார், ஆனால் அப்பாவும் மாப்பிள்ளையும் ஒழுங்காகக் கோயிலுக்கு வர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. 1725-ல் இறந்தபோது வீடு, கொட்டகை, மாடு, பன்றி, அடிமைகள் என்று ஊரின் பெரிய சொத்துக்காரர்களில் ஒருவர். உயிலை இல்லினாய் மொழியில் அவருக்குச் சொல்லிக் காட்டி உறுதி செய்தார்கள். சொல்பேச்சு கேட்காமல் காட்டுப் பக்கம் போய்ப் பழங்குடி மக்களோடு வாழத் தொடங்கிய மகனுக்குச் சொத்து கிடையாது என்று அதில் எழுதினார். பழங்குடித் தலைவரின் மகள் இதை எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள். அவரை ஊர்த் தேவாலயத்தின் தரைக்கு அடியிலேயே அடக்கம் செய்தார்கள், அந்த மரியாதை அங்கே வேறு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

பிரெஞ்சுக் காலத்தில் ஊர் எப்படி இருந்தது? 7,000 பேர் வாழ்ந்தார்களாமே?

7,000 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒருவர் எழுத அடுத்தவர் எடுத்துப் போட்டு அப்படியே நிலைத்துவிட்ட கணக்கு. 1752-ல் பிரெஞ்சு அரசு எடுத்த கணக்கில் இந்தப் பகுதியின் எல்லா பிரெஞ்சு ஊர்களையும் சேர்த்தே, அடிமைகளையும் உட்படுத்தி, சுமார் 1,400 பேர்தான். கஸ்காஸ்கியா அவற்றில் பெரியது, அவ்வளவே.

சின்னதாக இருந்தாலும் வளமான ஊர். படுகை மண்ணில் கோதுமை செழித்தது, மாவாக்கிப் படகில் ஏற்றி நியூ ஆர்லியன்ஸ் வரை அனுப்பினார்கள். அங்கே நெல் விளையும், கோதுமை விளையாது, அதனால் இந்த மாவுக்கு நல்ல கிராக்கி. வீடுகள் கட்டிய விதமும் தனி: மரக்கட்டைகளைச் செங்குத்தாக நட்டு, இடுக்கில் களிமண்ணும் வைக்கோலும் அடைத்து, சுற்றிலும் தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள். பின்னால் வந்த ஆங்கிலேய அமெரிக்கர்கள் ஆளுக்கொரு பண்ணை வாங்கி நடுவில் தனி வீடு போட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அப்படியில்லை. எல்லோரும் ஊரில் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டு, நிலத்தை ஊருக்கு வெளியே நாடா நாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மொத்தப் பயிர் நிலத்துக்கும் ஒரே வேலி. ஒருவன் தன் பங்கு வேலியைச் சரிசெய்யாமல் விட்டால் மாடு புகுந்து எல்லோர் பயிரையும் மேய்ந்துவிடும். ஆகவே வேலி, விதைப்பு, அறுப்பு எல்லாவற்றையும் ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மாடு மேய ஊர்ப் பொது நிலமும் தனியாக இருந்தது.

இதைப் படிக்கும்போது இனிமையாக இருக்கும். ஆனால் அந்தக் கோதுமையை விளைவித்த கைகளில் பாதி அடிமைகளின் கைகள். ஆப்பிரிக்கர்களும் பிற இனப் பழங்குடி மக்களும் அடிமைகளாக இருந்தார்கள். யேசு சபைப் பாதிரியார்களே அடிமைகளை வைத்திருந்தார்கள், 1763-ல் சபையை வெளியேற்றி அவர்களுடைய சொத்தை ஏலம் போட்டபோது அது பட்டியலில் இருந்தது. 1787-ல் இந்தப் பகுதியில் அடிமைமுறை கூடாது என்று சட்டம் வந்த பிறகும், பழைய பிரெஞ்சுக் குடும்பங்களின் அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று விளக்கம் சொல்லி இன்னும் பல பத்தாண்டுகள் இழுத்தார்கள். வட மாநிலம் என்பதால் இல்லினாயில் அடிமைமுறையே இருந்ததில்லை என்று யாராவது சொன்னால், கஸ்காஸ்கியாவைக் காட்டுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து எப்படிப் போனது?

1763 பாரிஸ் உடன்படிக்கை, பிரிட்டனும் பிரான்சும் போரை முடித்துச் செய்துகொண்டது. நம் வாசகர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், பாண்டிச்சேரியை ஆங்கிலேயர்கள் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது இதே உடன்படிக்கையில்தான். பாண்டிச்சேரி கிடைத்தது, மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் போனது. பிரிட்டிஷ் கையில் கோட்டை போய்ச் சேரக் கூடாது என்று கஸ்காஸ்கியாக்காரர்கள் 1766-ல் தங்கள் கோட்டையைத் தாங்களே அழித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியும் வேண்டாம், புராட்டஸ்டண்டு ராஜாவும் வேண்டாம் என்று நிறையக் குடும்பங்கள் ஆற்றைக் கடந்து செயிண்ட் ஜெனவீவுக்கும், 1764-ல் புதிதாகத் தொடங்கிய செயின்ட் லூயிஸுக்கும் போய்விட்டன. ஊர் முதல்முறை ஆள் இழந்தது அப்போதுதான். கவனியுங்கள், அதற்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் 1778 ஜூலை 4 இரவு, பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரின் நடுவில். ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் என்ற வர்ஜீனியா படைத்தலைவர் சுமார் 175 பேரோடு ஒஹாயோ ஆற்றில் இறங்கி, பாதியில் படகை விட்டுவிட்டு, பிரிட்டிஷ்காரர்கள் எதிர்பார்க்காத பக்கமாகக் காட்டுக்குள் நடந்து வந்தார். ஒரு குண்டும் சுடாமல் ஊரைப் பிடித்தார். அங்கே பிரிட்டிஷ் சார்பாக அதிகாரத்தில் இருந்த ரோஷ்பிளாவ் என்ற பிரெஞ்சுக்காரரைப் படுக்கையிலேயே கைது செய்தார்கள். ஊர் மக்கள் நடுங்கிப்போனார்கள். கிபோ என்ற பாதிரியார் போய்ப் பேசியபோது, உங்கள் மதத்தில் தலையிட மாட்டோம், உங்கள் பிரான்ஸ் இப்போது எங்கள் கூட்டாளி என்று கிளார்க் சொல்ல, பயம் கொண்டாட்டமாக மாறியது.

ஊரில் இருக்கும் பழைய தேவாலய மணி பற்றி?

கிளார்க் ஊரைப் பிடித்தபோது அடித்ததாகச் சொல்லும் தேவாலய மணி இப்போதும் ஊரில் இருக்கிறது. பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயி 1741-ல் இல்லினாய் மக்களின் தேவாலயத்துக்கு அனுப்பியது, லா ரோஷெல் நகரில் வார்த்தது. எடை சுமார் 650 பவுண்டு, அதாவது 295 கிலோ. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆற்றை எதிர்த்து ஆட்களே படகை இழுத்துக் கொண்டுவந்த காலம் அது, அந்தக் கணக்கில் எடையை நினைத்துப் பாருங்கள். "கடலுக்கு அப்பாலுள்ள மன்னரின் பரிசு" என்ற பொருளில் பிரெஞ்சில் வாசகம் பொறித்திருக்கும். பிலடெல்பியாவில் இருக்கும் புகழ்பெற்ற சுதந்திர மணியைவிடப் பத்து வருஷத்துக்கு மேல் மூத்தது. அதைப் போலவே இதிலும் விரிசல் உண்டு. "மேற்கின் சுதந்திர மணி" என்று அழைக்கிறார்கள். 1948-ல் கட்டிய ஒரு சின்ன செங்கல் கட்டடத்துக்குள் மாநில அரசின் பராமரிப்பில் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே தேவாலயம். பழைய ஊரிலிருந்த தேவாலயத்தை 1893 வாக்கில் புது ஊருக்கு மாற்றிக் கட்டியது.

நிஜமாகவே இது மாநிலத் தலைநகரமா?

ஆமாம். 1809-ல் இல்லினாய் பிரதேசம் உருவானபோது கஸ்காஸ்கியா அதன் தலைநகர், 1818 டிசம்பரில் மாநிலமானபோது முதல் தலைநகர். சட்டமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, ஒரு மாடி வீட்டை நாளுக்கு 4 டாலர் வாடகைக்கு எடுத்தார்கள். முதல் ஆளுநர் ஷாட்ராக் பாண்ட். முதல் துணை ஆளுநர் பியர் மெனார்ட், இதே ஊரின் பணக்கார வியாபாரி.

மாநிலமாவதற்கு 40,000 பேர் வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வளவு பேர் அப்போது அங்கே இல்லை. ஆனாலும் கணக்கெடுப்பில் சரியாக 40,000-க்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டது, எப்படி வந்தது என்று யாரும் துருவவில்லை. பிரதேசத்தின் சார்பாக வாஷிங்டனில் பேசிய நத்தேனியல் போப் வட எல்லையை மிச்சிகன் ஏரிக்கரையோரமாக இன்னும் மேலே தள்ளிக் கேட்டு வாங்கினார். இன்றைய சிகாகோ இல்லினாய்க்குள் இருப்பது அதனால்தான், இல்லாவிட்டால் அது விஸ்கான்சினில் இருந்திருக்கும். அந்தக் கோட்டுக்காகப் பேசிய மனிதர் கஸ்காஸ்கியாவாசி.

இரண்டே வருஷம், 1820-ல் தலைநகரை உள்நாட்டில் வண்டாலியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆறு வருவதற்கு முன்பே ஊர் நொடிந்துவிட்டதா?

கிட்டத்தட்ட. 1820-ல் தலைநகர் போனது, வக்கீல்களும் அரசியல்வாதிகளும் அதோடு போனார்கள். வியாபாரம் செயின்ட் லூயிஸ் பக்கம் சாய்ந்தது. 1844-ல் பெரிய வெள்ளம். 1833-லிருந்து விசிட்டேஷன் சபைக் கன்னியர் இங்கே ஒரு பெண்கள் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார்கள், வெள்ளத்தில் படகேறி செயின்ட் லூயிஸ் போனவர்கள் திரும்பவே இல்லை. அந்தப் பள்ளி இப்போதும் செயின்ட் லூயிஸில் நடக்கிறது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு கவுண்டித் தலைமையிடமும் குன்றின் மேலிருக்கும் செஸ்டருக்குப் போனது. ஆக 1881-ல் ஆறு அறுத்துக்கொண்டு வந்தபோது அது விழுங்கியது தலைநகரத்தை அல்ல, ஏற்கெனவே எல்லோரும் கைவிட்ட ஒரு சிற்றூரை. முக்கியமான ஊராக இருந்திருந்தால், அரசு பணம் கொட்டிக் கரையைக் கட்டி ஆற்றைத் தடுத்திருக்கும். செயின்ட் லூயிஸ் துறைமுகத்தை மண் மூட வந்தபோது அதைத்தான் செய்தார்கள், ராபர்ட் ஈ. லீ என்ற இளம் ராணுவப் பொறியாளரை அனுப்பி ஆற்றைத் திருப்பினார்கள்.

கல்லறைகள் என்ன ஆயின?

ஆறு கல்லறைத் தோட்டத்தை நெருங்கியபோது, 1890-களில் மாநில அரசு பணம் ஒதுக்கி எலும்புகளைத் தோண்டியெடுத்து, எதிர்க்கரையில் குன்றின் மேல் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். பெரும்பாலும் யார் யார் என்று தெரியாது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே நினைவுத்தூண் நிற்கிறது. கேரிசன் ஹில் என்று பெயர். உயிரோடு இருந்தவர்களுக்குச் செய்ததைவிட இறந்தவர்களுக்கு அரசு கொஞ்சம் அதிகமாகவே செய்தது என்று சொல்லலாம்.

ஏதோ சாபம் என்கிறார்களே?

ஒரு பிரெஞ்சு வியாபாரியின் மகளும் ஒரு பழங்குடி இளைஞனும் காதலித்தார்களாம், அப்பா அவனைக் கட்டையில் கட்டி ஆற்றில் விட்டாராம், அவன் மூழ்கும்போது ஊரே ஆற்றில் போகட்டும், இறந்தவர்களும் கல்லறையில் தங்க மாட்டார்கள் என்று சபித்தானாம். கதை நன்றாக இருக்கிறது, ஊர் போன பிறகு நடந்ததற்குப் பொருத்தி எழுதியது என்பதும் அதிலேயே தெரிகிறது. தவிர, பிரெஞ்சுக்காரர்களும் இல்லினாய் மக்களும் சர்வசாதாரணமாகக் கல்யாணம் செய்துகொண்ட ஊர் இது. மரி ரூவென்சா வீட்டில் அப்பாதான் பிரெஞ்சு மாப்பிள்ளை வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்.

1993 வெள்ளத்தில் என்ன ஆனது?

தீவைச் சுற்றி உயரமான வெள்ளத்தடுப்புக் கரை உண்டு. 1973 வெள்ளத்திலும் தீவு அடிபட்டிருந்தது. 1993 கோடையில் வாரக்கணக்கில் மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள், ஜூலை 22-ல் கரை தாங்கவில்லை. கிண்ணம் போன்ற அமைப்பு என்பதால் உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றது. 1990-ல் 32 பேர் இருந்த ஊர் 2000-ல் 9 ஆனதற்குக் காரணம் இதுதான். போனவர்கள் பலர் வயலை விடவில்லை, மேட்டில் வீடு கட்டிக்கொண்டு தினமும் வந்து உழுதுவிட்டுப் போகிறார்கள். வண்டல் மண்ணை அவ்வளவு எளிதில் யாரும் விட மாட்டார்கள்.

கஸ்காஸ்கியா மக்கள் இப்போது எங்கே?

1803-ல் அவர்களுடைய தலைவர் டுகாய்ன் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்து இன்றைய இல்லினாயின் பெரும்பகுதி நிலத்தை விட்டுக்கொடுத்தார். அதற்குள் நோயாலும் சண்டையாலும் அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைந்திருந்தது. 1832-க்குப் பிறகு கான்சாஸ், அங்கிருந்து ஓக்லஹோமா. இன்று பியோரியா பழங்குடியினரோடு ஒன்றாக, ஓக்லஹோமாவின் மயாமி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வாழ்கிறார்கள். ஊரின் பெயர் மட்டும் அவர்களுடையது.

போய்ப் பார்க்கலாமா? எப்படிப் போவது?

காரில்தான். செயின்ட் லூயிஸிலிருந்து மிசூரி பக்கமாகவே தெற்கே வந்து, செயின்ட் மேரி என்ற சின்ன ஊரில் கிழக்கே திரும்பி, பழைய ஆற்றுத் தடத்தின் மேலிருக்கும் பாலத்தைத் தாண்டினால் தீவு. அந்தப் பாலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போய் இல்லினாய்க்குள் நுழைவீர்கள், கீழே மிசிசிப்பி இருக்காது. செஸ்டரிலிருந்து வருபவர்கள் மிசிசிப்பியைக் கடந்து மிசூரிக்குள் போய், மறுபடி இல்லினாய்க்குள் நுழைய வேண்டும். தங்கள் கவுண்டியின் ஓர் ஊருக்குப் போக அடுத்த மாநிலத்தின் வழியாகச் சுற்ற வேண்டும்.

தீவில் பார்க்க மணியும் தேவாலயமும்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கடை கண்ணி எதையும் நம்பிப் போகாதீர்கள். நேரம் இருந்தால் கிழக்குக் கரையைத் தவற விடாதீர்கள். குன்றின் மேல் கோட்டை இருந்த மேடு, கேரிசன் ஹில், அங்கிருந்து பார்த்தால் ஆறும் தீவும் மொத்தமாகத் தெரியும், மேலே விவரித்த புவியியல் எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். குன்றின் அடிவாரத்தில் பியர் மெனார்டின் வீடு அப்படியே நிற்கிறது, தாழ்வாரம் வைத்த பிரெஞ்சு பாணி வீடு. ஆற்றின் எதிர்க்கரையில் இருந்ததால் தப்பித்தது. அப்புறம் வடக்கே பிரெய்ரி டு ரோஷே, பக்கத்தில் ஷார்த்ர் கோட்டை. அந்த ஊரில் புத்தாண்டுக்கு முந்தைய இரவு வீடு வீடாகப் போய்ப் பிரெஞ்சுப் பாட்டுப் பாடும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. குழந்தைகளோடு போனால் செஸ்டரில் நிறுத்துங்கள், பாப்பாய் கார்ட்டூனை உருவாக்கிய சீகர் பிறந்த ஊர், தெருவுக்குத் தெரு பாப்பாய் கதாபாத்திரங்களின் சிலை வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் கிளம்புவதாக இருந்தால் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.